நம் தோட்டத்தில் என்ன இருக்கிறது?

(பேராக் மாநிலத் தோட்டக் கிளையொன்றின் பொதுக்கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சங்கக் கூட்டம் என்றால் சம்பளம் பேசுவோம்; வீடு பேசுவோம்; மருந்து பேசுவோம்; வேலை நிறுத்தப்பட்டவருக்கு நஷ்டஈடு பேசுவோம். அவற்றையெல்லாம் நமக்கு முன்னே பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்போ, 'நம் சுற்றுப்புறத்தில் மகிழ்ச்சி' என்பது. தலைவர் இதை அறிவித்தபோது பின்வரிசையில் சிலர் சிரித்தது இங்கே வரை கேட்டது. சிரித்தவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. "விடியுமுன்னே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியிலே ஐந்நூறு மரம் சீவுகிறவனிடம் மகிழ்ச்சியைப் பற்றிப் பேச வந்துவிட்டான் பார்!" என்றுதானே அந்தச் சிரிப்புக்குப் பொருள்? நியாயமான சிரிப்பு. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

கூலியும் மகிழ்ச்சியும்

மகிழ்ச்சி கூலிக்கு ஈடாகாது. "பறவை பாடுகிறது, பனி பெய்கிறது, இதைவிட உனக்கு என்ன வேண்டும்?" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்க வருகிறவன் எவனாயினும், அவன் நமக்கு நண்பன் அல்லன். இதில் சந்தேகமே வேண்டாம். 1954-ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, தோட்டத்து அழகைப் பாடுவதற்காக அன்று. 2001-இல் மாதச் சம்பளம் குறைந்தது 325 வெள்ளி என்ற உறுதியைப் பெறுவதற்கே எத்தனை ஆண்டுப் பேச்சுவார்த்தை நடந்தது என்பதை மூத்த தோழர்கள் அறிவார்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாயிற்று. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாயிற்று. ஒவ்வொரு வெள்ளிக்கும் பின்னால் ஒரு போராட்டம் உண்டு.

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. அந்த வெள்ளியை நாம் எதற்காகக் கேட்டோம்? வயிறு நிறைய வேண்டும் என்பதற்காக. பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காக. அத்தோடு முடிந்ததா? இல்லை. மாலையில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பயமில்லாமல் நாலு வார்த்தை பேசிச் சிரிக்க ஒரு மணி நேரம் வேண்டும் என்பதற்காகவும்தான் கேட்டோம். ஓய்வு நாள் கேட்டது எதற்கு? படுத்துத் தூங்க மட்டுமா? மனிதனாக இருப்பதற்கு! வாழ்க்கை வேண்டுமென்று போராடிவிட்டு, அந்த வாழ்க்கை கையில் கிடைக்கும்போது அதைப் பாராமல் இருந்தால், பால் நிறைந்த மங்கை எடுக்க மறந்து வீட்டுக்கு வந்த கதையாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள், நல்லெண்ணத்தோடு எழுதுகிறவர்களுங்கூட, பெரும்பாலும் கண்ணீரைத்தான் எழுதுகிறார்கள். கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அது மட்டுமே நாம் என்று நம் பிள்ளைகள் நம்பத் தொடங்கினால் என்ன ஆகும்? "எங்கே பிறந்தாய்?" என்று ஈப்போவில் யாராவது கேட்டால், தோட்டத்தின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, பக்கத்துப் பட்டணத்தின் பெயரைச் சொல்லுகிற பிள்ளைகளை நாம் பார்க்கிறோமா இல்லையா? அந்த வெட்கத்துக்கு மருந்து, பிறந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைத் தெரிந்துகொள்வதுதான்.

பால் தரும் மரம்

முதலில் மரத்திலிருந்தே தொடங்குவோம். தினமும் கையால் தொடுகிற பொருளைத்தான் மனிதன் கடைசியாகப் பார்க்கிறான்.

நாம் நிற்கும் இந்தப் பேராக் மாநிலம், கித்தா மரத்தின் கதையில் முதல் அத்தியாயம். 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பது, கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் வளர்த்தார். அவற்றின் வழிவந்த பழைய மரமொன்று கோலகங்சாரில் இன்றும் காட்டப்படுகிறது. அது பிரேசில் நாட்டு மரம். ஆங்கிலேயன் கொண்டுவந்த மரம். மலாய் மண்ணில் வேர்விட்ட மரம். தமிழன் கை தொட்டதும் பால் சுரந்த மரம். நம்மைப் போலவே கடல் கடந்து வந்து இந்த மண்ணுக்குச் சொந்தமானது அது.

ஈப்போ என்ற பெயரைக் கவனித்ததுண்டா? அதுவும் ஒரு மரத்தின் பெயர்தான். அதுவும் பால் வடிக்கும் மரந்தான். ஆனால் அந்தப் பால் நஞ்சு. பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்பின் முனையில் அதைத் தடவி வேட்டையாடினார்கள். ஈப்போ இரயில் நிலையத்தின் எதிரே அந்த மரம் ஒன்று நிற்கிறது. அடுத்த முறை பட்டணம் போகும்போது ஐந்து நிமிடம் அதன் கீழே நின்று பாருங்கள். நஞ்சு தரும் பால்மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரைச் சுற்றி, சோறு தரும் பால்மரம் காடு காடாக நின்றது என்பது எவ்வளவு வேடிக்கையான செய்தி! இதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். அவன் இன்னொரு கதை கேட்பான்.

நம் கைத்தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்த்து வெட்டுகிறோம். ஏன்? பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்கவில்லை. சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இந்தப் பக்கமாக வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். விடியுமுன்னே ஏன் வெட்டுகிறோம்? இரவெல்லாம் மரம் நீரால் நிறைந்து விம்மி நிற்கிறது. வெயில் ஏறினால் இலைவழியே நீர் போய், உள்ளிருக்கும் அழுத்தம் தளர்ந்து, பால் குறைகிறது. உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் காகிதம் போல் மெல்லியது. அந்த அளவை, இருட்டிலே, தூக்கக் கலக்கத்திலே, கண்ணால் அல்ல, விரலால் அறிகிறவள் நம் தாய். கல்லைச் செதுக்கினால் சிற்பி என்று மாலை போடுகிறோம். உயிருள்ள மரத்தை, சாகாமல், புண்ணாகாமல், இருபது ஆண்டுக்கும் மேலாகச் செதுக்குகிறவளுக்கு என்ன பெயர் வைத்தோம்? செக்ரோலில் ஓர் எண் வைத்தோம்.

கித்தாக் கொட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காய் வெடிக்கும் காலத்தில் பட் பட்டென்று சத்தம் கேட்கும். ஒரு காயில் மூன்று கொட்டை. வெடித்துத் தூரமாய்த் தெறிக்கும். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அந்தக் கொட்டையின் மேல் பழுப்பும் சாம்பலுமாக ஒரு கோலம் இருக்கிறதே, அதற்கு ஒரு பொருள் உண்டு. கொட்டையின் ஓடு தாய்மரத்தின் உடலிலிருந்து உண்டாவது. ஆகையால் ஒரு மரத்துக் கொட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே கோலம் இருக்கும். பழகியவர்கள் கொட்டையைப் பார்த்தே மரத்தின் இனத்தைச் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு தூரம் தெறித்துப் போனாலும் முதுகில் தாயின் கோலத்தைச் சுமந்துகொண்டுதான் போகிறது! ஒரு புலவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எந்தப் புலவன் வருவான்? நாம்தான் எழுதவேண்டும்.

நம் திணை எது?

பழந்தமிழர் நிலத்தை எப்படிப் பிரித்தார்கள் என்பதைத் தமிழ்ப்பள்ளியில் படித்திருப்போம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. இவை பூவும் மரமுமான பெயர்கள். அரசன் பெயரையோ நிலத்துக்கு உடையவன் பெயரையோ வைக்கவில்லை; அங்கே வளர்வதன் பெயரை வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தெய்வம், ஓர் உணவு, ஒரு பறவை, ஒரு பறை, ஒரு யாழ், ஒரு தொழில் என்று வகுத்தார்கள். தொழிலும் நிலத்தின் அழகிலே சேர்த்தி! தினை காக்கிறவளும் மீன் உணக்குகிறவளும் பாட்டுக்கு உரியவர்கள் என்பது நம் முன்னோர் கொள்கை. வேலை செய்கிற இடம் வேறு, அழகு இருக்கிற இடம் வேறு என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

அப்படியானால் நம் கித்தாக் காட்டுக்கு எந்தத் திணை? பழைய ஐந்தில் இது இல்லை. நாமே வகுத்துப் பார்ப்போமா? மரம், கித்தா. தெய்வம், மாரியம்மனும் எல்லையில் நிற்கும் முனீஸ்வரனும். பறை, தப்பு. உணவு, விடியற்காலைக் கோப்பி. பிறகு நிரையிலேயே பசியாறல். கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையும் மரவள்ளிக்கிழங்கும். பறவை, இருட்டிலே 'டொக் டொக்' என்று தச்சன் தட்டுவது போல் கூப்பிடுகிற அந்தப் பக்கிக் குருவி. அது எத்தனை தட்டுத் தட்டும் என்று பந்தயம் கட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம், காட்டிக் கொடுக்கமாட்டோம். பொழுது, வைகறை. காலம், இலையுதிர் காலம். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலையெல்லாம் செம்பாகிச் சிவந்து உதிர்ந்து, நடந்தால் சரசரக்கும் அந்த நாட்கள். பின்னணியில் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள், காலைப் பனியில் அடிவாரம் மறைந்து, உச்சி மட்டும் மிதப்பது போல் நிற்கின்றன. தைப்பூசத்தன்று அந்தக் குன்றொன்றின் அருகே கல்லுமலைக் கோயிலில் முருகன் இருக்கிறான். காவடி அங்கே போகிறது. குறிஞ்சிக் கிழவன் ஈப்போவிலும் மலையைத்தான் தேடிப் பிடித்திருக்கிறான்!

பாருங்கள், ஐந்து நிமிடத்தில் ஒரு திணை தயாராகிவிட்டது. இதில் ஒன்றையும் நாம் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை.

சொல் செய்தவர்கள்

கவிதை எழுத நமக்கு வராது என்று சிலர் சொல்லக்கூடும். நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். நம் பாட்டன்மார் அதைவிடக் கடினமான காரியத்தைச் செய்தவர்கள். அவர்கள் சொற்களைச் செய்தவர்கள்.

மலாய்க்காரர் 'கெத்தா' என்றார். நாம் 'கித்தா' என்றோம். அவர் 'மங்கோக்' என்றார். நாம் 'மங்கு' என்றோம். வெள்ளைக்காரன் 'பரேடு' என்றான். நாம் 'பெரட்டு' என்று சொல்லி, அதற்கு ஒரு களத்தையும் சேர்த்துப் 'பெரட்டுக் களம்' ஆக்கினோம். அவன் 'லைன்' என்று வரிசையாகக் கட்டிய வீடுகளை நாம் 'லயம்' என்றோம். தமிழில் லயம் என்றால் இசையின் ஒழுங்கு. பத்தடி அறைக்கு அந்தப் பெயர் அமைந்ததை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் கனக்கிறது. நிரை, பீலி, ஒட்டுப்பால், கட்டிப்பால், காண்டா, ஆயாக்கொட்டகை என்று இவற்றையெல்லாம் எந்தப் பண்டிதர் குழு கூடி உண்டாக்கியது? யாருமில்லை. இடுப்பில் சாக்கைக் கட்டிய பெண்களும், தோளில் வாளி சுமந்த ஆண்களும் உண்டாக்கினார்கள். தமிழுக்கு அவர்கள் கொடுத்த கொடை இது.

இந்தச் சொற்களுக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. உலகில் அதிகமாக இரப்பர் உற்பத்தி செய்த நாடு என்ற பெயர் 1980-களின் இறுதிவரை மலேசியாவுக்கு இருந்தது. இன்று தாய்லாந்தும் இந்தோனேசியாவும் வியட்நாமும் நம்மைத் தாண்டிப் போய்விட்டன. பேராக்கில் எத்தனை கித்தாத் தோட்டங்கள் செம்பனையாயின, எத்தனை வீடமைப்புத் திட்டங்களாயின என்பதை நாம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். செம்பனைக்கு மங்கு வேண்டாம், பீலி வேண்டாம். வேலை போனால் வேலையின் சொல்லும் போகிறது. இன்று பெரட்டில் நம்மோடு நிற்கும் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தோழர்களும் தத்தம் சொற்களைக் கொண்டுவருகிறார்கள். அவர்களும் உழைப்பாளிகளே, அவர்கள் மீது நமக்குக் குறையில்லை. ஆனால் நம் சொல்லை நாம் எழுதி வைக்காவிட்டால் அவர்களா எழுதி வைப்பார்கள்?

பத்து காஜாவில் ஓர் உருவம்

எழுத்து மட்டுந்தானா படைப்பு? இல்லை. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி மாளிகை என்று ஒன்று இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பேருந்து பேருந்தாக வந்து பார்க்கிறார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து நாட்டுத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கியது. 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோனார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது.

வருகிறவர்கள் முடியாத மாளிகையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சற்றுத் தூரத்தில், முடிந்துபோன ஒரு கட்டடம் இருக்கிறது. அது மாரியம்மன் கோயில். மாளிகை வேலைக்கு வந்த நம் மக்களிடையே ஸ்பானியக் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டபோது, அம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று கேட்டுக் கட்டியது என்பார்கள். அந்தக் கோயிலின் மேல்தளத்தில் தெய்வ உருவங்களோடு ஓர் உருவம் நிற்கிறது. வெள்ளை உடுப்பு, தலையில் தொப்பி. துரையின் உருவந்தான் அது என்று சொல்லுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தக் கொத்தனார்கள் கோபுரத்தில் என்ன வைக்கவேண்டும் என்று எந்த நூலையும் பார்க்கவில்லை. தங்கள் கண்முன்னே இருந்த உலகத்தைப் பார்த்தார்கள். அதில் அம்மன் இருந்தாள், சாமிகள் இருந்தார்கள், ஒரு துரையும் இருந்தார், அவரையும் ஏற்றிவிட்டார்கள். நன்றியா, வேடிக்கையா, இரண்டும் கலந்ததா, யார் கண்டது? ஆனால் ஒன்று நிச்சயம். துரை தமக்காகக் கட்டிய மாளிகை பாழாயிற்று. தொழிலாளி கட்டிய கூரையில் அவர் இன்னும் நிற்கிறார்.

பேனா பிடித்தவர்கள்

இப்போது எழுத்துக்கு வருவோம். 1950-51-ஆம் ஆண்டுகளில், கோலாலம்பூரில் வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழ், 'கதை வகுப்பு' ஒன்றைத் தன் பக்கங்களிலே நடத்தியது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் ஆசிரியர்கள். நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் தமிழர்கள் அஞ்சலிலே எழுதிப் பயின்றார்கள். பள்ளிக்கூடக் கட்டடம் இல்லை, பலகை இல்லை, ஒரு பத்திரிகையும் ஒரு பேனாவும்தான். பின்னாளில் இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதைக்கு உரமான முயற்சிகளில் அது முக்கியமானது.

அதன்பின் 1953 முதல் 1957 வரை அதே நேசனில் ஆசிரியராக இருந்தவர் கு. அழகிரிசாமி. அவர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சிற்றூரில் பிறந்தவர். அதே ஊரில் அவருடைய நண்பர் கி. ராஜநாராயணன் உழவராக இருந்தார். இடைசெவலில் என்ன இருக்கிறது? ஆறு இல்லை; மலை இல்லை; கரிசல் மண்ணும் வெயிலுந்தான். ஆனால் அந்த மண்ணையே இருவரும் எழுதினார்கள். இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970-இல், ராஜநாராயணனுக்கு 1991-இல். அதைவிடப் பெரிதாக நாம் நினைப்பது வேறொன்று. ராஜநாராயணன் தம் வட்டாரத்து மக்கள் பேசும் சொற்களையெல்லாம் திரட்டி ஓர் அகராதியே செய்தார். கல்லூரிப் பேராசிரியர் செய்யவேண்டியதை, ஏர் பிடித்த ஒருவர் செய்து முடித்தார். உழவனுக்கு முடிந்தது, பால்வெட்டுக்காரனுக்கு முடியாதா? கணக்கெழுதுகிற கிராணிக்கு முடியாதா?

அவ்வளவு தூரம் போகவேண்டாம்; நம் பேராக்கிலேயே ஒருவர் இருக்கிறார். கோப்பேங் வட்டாரத்துக் கம்பத்திலே 1951-இல் பிறந்த முகம்மது நோர் காலிட், உலகமெல்லாம் 'லாட்' என்று அறிந்த கேலிச்சித்திரக்காரர். அவர் வரைந்தது என்ன? பெரிய அரசர்களையா? கம்பத்து வீடு, ஆற்றுக் குளியல், ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல், தம் அப்பா, அம்மா, ஊர்ப் பையன்கள். 1979-இல் அது 'கம்பத்துப் பையன்' என்ற நூலாயிற்று. 1981-இல் ஈப்போ பட்டணத்து நாட்கள் அடுத்த நூலாயின. நாம் தாண்டிப் போன அதே குட்டை, அதே பாலம், அதே கடைத்தெரு. அவர் பார்த்தார், நாம் தாண்டிப் போனோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

தமிழிலும் நம் தோட்டத்தைப் பற்றி நாவல் உண்டு. அகிலன் தமிழகத்திலிருந்து இங்கு வந்து பார்த்துவிட்டு எழுதிய 'பால்மரக் காட்டினிலே' அவற்றுள் ஒன்று. விருந்தாளி வந்து எழுதியதற்கு நன்றி சொல்லுவோம். ஆனால் வீட்டுக்காரன் எழுதினால் இன்னும் சில அறைகளின் கதவு திறக்குமல்லவா?

கணக்குப் புத்தகத்தில் இல்லாதவை

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் தினமும் எழுதுகிறோம். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, எத்தனை கிலோ பால், எத்தனை கிலோ கட்டிப்பால், எத்தனை நாள் மழை. ஒரு தோட்டத்தைப் பற்றி நம்மைவிட அதிகமாக எழுதியவர் எவருமில்லை. ஆனால் அந்தக் கணக்குப் புத்தகங்களிலே தேடிப் பாருங்கள். எந்தக் கிழவி தாலாட்டில் பெயர் பெற்றவள் என்று இருக்கிறதா? எந்த ஆண்டுத் திருவிழாவில் அரிச்சந்திர நாடகம் விடிய விடிய நடந்தது என்று இருக்கிறதா? எந்த லயத்து வாசலில் கோலம் பார்க்க அடுத்த டிவிஷன் பெண்கள் வந்தார்கள் என்று இருக்கிறதா? எந்த மேட்டுக்கு 'ஏழுபேர் மேடு' என்று பெயர், அந்த ஏழுபேர் யார் என்று இருக்கிறதா? இல்லை. கம்பெனிக்குத் தேவையானது கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது. நமக்குத் தேவையானது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இது பொழுதுபோக்குப் பேச்சு அல்ல, தோழர்களே. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அதை எதிர்கொள்ளத்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் போன்றோர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளியின் காசிலேயே தோட்டங்களை வாங்கினார்கள். ஒரு தோட்டம் கைமாறும்போது இன்றும் முதலில் எழும் கேள்வி என்ன? "இந்தக் கோயில் எப்போதிருந்து இருக்கிறது? இந்த இடுகாடு யாருடையது? இந்தப் பள்ளியை யார் கட்டினார்கள்?" அப்போது நாம் என்ன செய்கிறோம்? ஆளாளுக்கு ஒரு வருடம் சொல்லுகிறோம். திருவிழா நோட்டீசு ஒன்று, தேதி போட்ட புகைப்படம் ஒன்று, கல்லறையில் செதுக்கிய பெயர் ஒன்று, ஒரு கிழவரின் வாக்குமூலம் ஒன்று, இவை அன்றைக்குத் தங்கம். ஆசையோடு எழுதி வைத்தவனுடைய குறிப்பேடு, அவசரத்துக்கு வழக்கறிஞரைத் தேடி ஓடுகிறவனுக்கு முதல் துணை. தன் இடத்தை நேசித்தவனே தன் இடத்துக்குச் சாட்சி சொல்ல முடியும்.

என்ன செய்யலாம்?

ஆகவே நான்கு காரியங்களை இந்தக் கிளையின் முன்னே வைக்கிறோம். நான்குக்கும் செலவு மிகக் குறைவு.

முதலாவது, கிளைக்கு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். சங்க வேலைக்கு வருகிற எவரும் அதில் ஒரு பக்கம் எழுதலாம். அன்று கண்டது, கேட்டது, சிரித்தது. எழுத வராதவர் சொல்லட்டும், கிராணிமார் எழுதுவோம். அலுவலக வராந்தாவுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று நின்ற நாட்கள் போதும். இந்த நோட்டின் முன்னே இருவரும் ஒரே பெஞ்சியில் உட்காரலாம்.

இரண்டாவது, தோட்டச் சொல் அகராதி. பெரட்டிலிருந்து ஸ்டோர் வரை ஒரு நாளின் வேலையை முறையாக நினைத்துக்கொண்டு, வரும் சொற்களையெல்லாம் எழுதுவோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் சில சொற்கள் வேறுபடும். அதுவும் அழகுதான், அதையும் குறிப்போம்.

மூன்றாவது, பாட்டு. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெரிந்த கிழவிகள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓரிருவர்தான் மிச்சம். இன்று எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. பாட்டியை உட்கார வைத்து, வெற்றிலை மடித்துக் கொடுத்து, பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாள் "எனக்கொன்றும் தெரியாது" என்பாள். மூன்றாம் நாள் நிறுத்தமாட்டாள்.

நான்காவது, பிள்ளைகள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. அப்படி ஆயாக்கொட்டகை ஓரத்திலும் கோயில் மண்டபத்திலும் தொடங்கியவை பல, இன்று நாட்டிலுள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களை வேண்டுகிறோம். கட்டுரைக்குத் தாஜ்மகாலையும் கடற்கரையையும் கொடுத்தது போதும். 'எங்கள் வாசலில் நிற்கும் மரம்', 'பாட்டியின் உளி', 'எங்கள் தோட்டத்து இரவுச் சத்தங்கள்' என்று கொடுத்துப் பாருங்கள். பார்க்காததை எழுதும் பிள்ளை மனப்பாடம் செய்ததை எழுதுகிறது. பார்த்ததை எழுதும் பிள்ளை தமிழ் எழுதுகிறது. நன்றாக வந்தவற்றைச் சங்கப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். இடம் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

தோழர்களே, நேரமாகிவிட்டது; தலைவர் மணியைத் தொடுகிறார். ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம். தோட்டம் கம்பெனிக்குச் சொந்தம். மரம் கம்பெனிக்குச் சொந்தம். பால் கம்பெனிக்குச் சொந்தம். நியாயமான கூலியும் நிலையான வீடும் கிடைக்கும்வரை அதைப் பற்றிய நம் வழக்கு ஓயாது. ஆனால் இலையுதிர் காலத்துச் சிவப்பும், சுண்ணாம்புக் குன்றின் பனியும், நம் பாட்டன் செய்த சொல்லும், பாட்டி பாடிய பாட்டும் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. அவற்றை யார் பார்க்கிறார்களோ, யார் எழுதி வைக்கிறார்களோ, அவர்களுக்கே அவை சொந்தம். அந்தச் சொத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பட்டணம் போகவேண்டாம். போனாலும் கையோடு எடுத்துக்கொண்டு போவோம்.

நோட்டுப் புத்தகம் வாங்கியாகிவிட்டது. வாசல் மேசையில் இருக்கிறது. முதல் பக்கம் காலியாக இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் யாராவது ஒருவர் அதில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.